ஏசிக்கு கேஸ் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

கார் ஏசியில் சூடான காற்று வருகிறது என்று சொன்னால் போதும், யாராக இருந்தாலும் உடனே சொல்வது ஒன்றுதான்: "கேஸ் போயிருக்கும், போட்டா சரியாயிடும்." பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், கூட வேலை பார்ப்பவர் சொல்வார், சில சமயம் மெக்கானிக்கே பானட்டைத் திறக்காமல் சொல்லிவிடுவார். பல வருடங்களாக என் காரின் சின்னச் சின்ன வேலைகளை நானே பார்த்துக்கொள்கிறேன். தெரிந்தவர்களும் தங்கள் வண்டி ஏசி மக்கர் செய்தால் என்னிடம் பேசுவார்கள். அப்படிப் பேசும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது கேஸைப் பற்றி அல்ல. சூடான காற்று எப்போது வருகிறது என்பதைத்தான்.

ஏசி போட்ட நொடியிலிருந்தே வருகிறதா? வண்டி சிக்னலில் நிற்கும்போது மட்டும் வருகிறதா? அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்துவிட்டு அப்புறம் வருகிறதா? ஒரு பக்கத்து வென்ட்டில் மட்டும் வருகிறதா? காற்றின் வேகமும் சேர்ந்து குறைகிறதா? ஒவ்வொரு பதிலும் வேறு வேறு பாகத்தைக் காட்டும். இதைக் கேட்காமல் கேஸ் அடிப்பது, காய்ச்சலா வயிற்றுவலியா என்று விசாரிக்காமல் ஊசி போடுவது மாதிரிதான்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்கி முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே வெளிக்காற்று பட்டுச் சூட்டை இழந்து திரவமாகிறது. அந்தத் திரவம் எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறிய துளை வழியாக டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலுக்குள் பாயும்போது அழுத்தம் சட்டென்று விழுகிறது, திரவம் கொதித்து ஆவியாகிறது. பல கார்களின் ஏசியில் இருக்கும் ஆர்-134ஏ என்ற கேஸ் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கொதிக்கத் தேவையான வெப்பத்தைக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதால்தான் நமக்குக் குளிர் கிடைக்கிறது. ஆவியான கேஸ் திரும்பக் கம்ப்ரசருக்கே போகிறது. இந்தச் சுற்றில் கேஸ் குறைகிறது என்றால் எங்கோ வெளியேறுகிறது என்று அர்த்தம். ரப்பர் ஹோஸ்கள் வழியாகவும் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் வருடக்கணக்கில் துளித்துளியாகக் கசிவது உண்மை. பழைய வண்டியில் அதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் போன மாதம் போட்ட கேஸ் இந்த மாதம் இல்லை என்றால் அது லீக். லீக்கைப் பார்க்காமல் திரும்பக் கேஸ் போடுவதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

சரி, "எப்போது" என்ற கேள்விக்கு வருவோம்.

அதற்கும் முன்னால் ஒரு சின்னச் சோதனை. ஏசி பட்டனை அணைத்துவிட்டு, வெப்பநிலைத் திருகை முழுக்கக் குளிர்ப் பக்கம் வைத்து, ஃபேனை மட்டும் ஓட விடுங்கள். வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்திருங்கள். வரும் காற்று ஏறக்குறைய வெளியில் இருக்கும் சூட்டில் இருந்தால் ஏசி குளிர்விக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் வெளிக்காற்றைவிடத் தெளிவாகச் சூடாக வந்தால் கதை வேறு. அந்தச் சூடு ஹீட்டரிலிருந்து வருகிறது. பெரும்பாலான வண்டிகளில் டாஷ்போர்டுக்குள் ஹீட்டர் காயில் எப்போதும் இன்ஜின் தண்ணீரின் சூட்டில் இருக்கும். காற்று அதன் வழியாகப் போகாமல் தடுப்பது ஒரு பிளாஸ்டிக் கதவு. அதைத் திருப்பும் சின்ன மோட்டாரின் பிளாஸ்டிக் பற்கள் உடைந்தால் கதவு பாதியில் நின்றுவிடும். வெப்பநிலையை மாற்றும்போது டாஷ்போர்டுக்குள்ளிருந்து "டக் டக்" என்று விட்டு விட்டுச் சத்தம் கேட்டால் பெரும்பாலும் இதுதான். ஏசி அதன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டே இருக்கும். அது குளிர்வித்த காற்றை இந்தக் கதவு சூடாக்கிக்கொண்டே இருக்கும். இந்த வண்டிக்கு எத்தனை தடவை கேஸ் போட்டாலும் ஒன்றும் மாறாது.

இரண்டு பக்கமும் தனித்தனியாக வெப்பநிலை வைக்கும் வண்டிகளில் ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் சூடு என்றால் முதல் சந்தேகம் இந்தக் கதவு மோட்டார் மேல்தான். ஆனால் கேஸ் கொஞ்சம் குறைந்திருந்தாலும் சில கார்களில் இதே மாதிரி ஆகும். கூலிங் காயிலின் ஒரு பாதி மட்டும் குளிர்ந்து, மறுபாதிக்குத் திரவம் எட்டாமல் போவதுதான் காரணம். அதனால் இதை வைத்து மட்டும் முடிவு செய்ய மாட்டேன்.

வண்டி ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது, நின்றால் சூடாகிறது என்கிறார்களா? அப்படியானால் நேராக வண்டியின் முன்பக்கம் போய்விடுவேன். ஓடும்போது காற்று தானாகவே கண்டென்சரில் அடிக்கிறது. நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். ஏசி போட்டால் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, கனெக்டர், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கையை மட்டும் உள்ளே விட வேண்டாம், அந்த ஃபேன் எந்த நொடியில் வேண்டுமானாலும் சுற்ற ஆரம்பிக்கும். ஃபேன் சுற்றினாலும் கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வண்டியை நிறுத்தி ஏசியை ஓட விட்டு, கண்டென்சர் மேல் பூவாளி மாதிரி மெதுவாகத் தண்ணீர் தெளியுங்கள். உள்ளே வரும் காற்று உடனே குளிர ஆரம்பித்தால் கோளாறு பெரும்பாலும் கண்டென்சர் பக்கம்தான். சுத்தம் செய்யும்போது வேகமாகத் தண்ணீர் பீய்ச்சக் கூடாது; தகடுகள் மடங்கிவிட்டால் காற்றுப் பாதை இன்னும் அடைபடும்.

என்னை மிகவும் ஈர்ப்பது மூன்றாவது வகைக் கோளாறு: கிளம்பும்போது நல்ல குளிர், கொஞ்ச நேரம் போனதும் சூடு, வண்டியை நிறுத்தி ஆறவிட்டு எடுத்தால் திரும்பக் குளிர். என் மைத்துனர் வண்டியில் இப்படித்தான் ஆனது. "கேஸ் போட்டாச்சு, ஆனா இன்னும் இப்படித்தான் பண்ணுது" என்றார். "சூடா வரும்போது காத்து வேகம் குறையுதா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "இல்ல, காத்து அதே வேகத்துலதான் வருது" என்றார்.

அந்த ஒரு பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. காற்றின் வேகம் குறைந்திருந்தால் கூலிங் காயிலில் பனி படிகிறது என்று சொல்லியிருப்பேன். காயிலின் வெப்பநிலையைப் பார்க்கும் சென்சார் கெட்டாலோ, ஏசி ஃபில்டரும் காயிலும் அழுக்கில் அடைத்திருந்தாலோ, காயில் மேல் வடியும் ஈரம் உறைந்து காற்றை மறித்துவிடும். ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் கொஞ்ச நேரம் ஓட விட்டால் பனி உருகி, வண்டிக்கு அடியில் நிறையத் தண்ணீர் கொட்டும், காற்றும் திரும்ப வரும். வேகம் குறையாமல் குளிர் மட்டும் போனால், கம்ப்ரசர் சுற்றுவதை நிறுத்திவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

பானட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது டார்ச் அடித்துக் கம்ப்ரசரின் முகத்தைப் பாருங்கள். பெல்ட் ஓடும் புல்லி எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு முன்னால் ஒரு தட்டையான தகடு தெரியும், அதுதான் கிளட்ச் தகடு. ஏசி போட்டதும் "டக்" என்று புல்லியோடு ஒட்டிக்கொண்டு அதுவும் சுற்ற வேண்டும். மைத்துனர் வண்டியில் முதலில் அது சுற்றியது. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு தகடு விலகி அசையாமல் நின்றுவிட்டது. பின்னால் புல்லி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்ரசரின் கனெக்டரில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், கரன்ட் வந்துகொண்டுதான் இருந்தது. நீளமான மரக்குச்சியால் தகட்டின் ஓரத்தை லேசாகத் தள்ளியதும் ஒட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் வென்ட்டில் குளிர் வந்துவிட்டது. (ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் செய்கிற வேலை இது. சட்டைக் கை, துப்பட்டா, கயிறு எதுவும் தொங்கக் கூடாது. பழக்கம் இல்லாதவர்கள் செய்ய வேண்டாம்.)

தகட்டுக்கும் புல்லிக்கும் நடுவே பெரும்பாலான கம்ப்ரசர்களில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்கும். வருடக்கணக்கில் ஒட்டியும் விலகியும் தேய்ந்து அந்த இடைவெளி பெரிதாகிறது. அதோடு இன்னொன்றும் சேர்கிறது. கிளட்சை இழுக்கும் காந்தச் சுருள் தாமிரக் கம்பியால் ஆனது. தாமிரத்தின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். இன்ஜின் சூட்டில் சுருள் 60 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதில் ஓடும் மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். குளிர்ந்த காந்தத்தால் தாண்ட முடிந்த இடைவெளியைச் சூடான காந்தத்தால் தாண்ட முடியாது. ஆறினால் திரும்ப ஒட்டும். இவ்வளவுதான் சமாசாரம். பல கிளட்சுகளில் தகட்டுக்கு அடியில் மெல்லிய வாஷர்கள் இருக்கும். ஒன்றை எடுத்து இடைவெளியைக் குறைத்துவிட்டு, ஃபீலர் கேஜால் (சின்ன இடைவெளியை அளக்க உதவும் மெல்லிய தகடுகள்) அளந்து பார்த்தால் போதும். கேஸைத் தொடவே வேண்டாம். மைத்துனர் வண்டியில் அப்படித்தான் முடிந்தது.

இந்தக் கிளட்ச் எல்லா வண்டிகளிலும் இருக்காது. புதிய கார்கள் பலவற்றில் கம்ப்ரசர் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே ஒரு கட்டுப்பாட்டு வால்வு எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை மாற்றும். அங்கே தகட்டைப் பார்த்து ஒன்றும் தெரியாது, அழுத்தம் காட்டும் கேஜும், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரும் வேண்டும்.

விட்டு விட்டுக் குளிர் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குழாய்க்குள் ஈரம் இருந்தால் அது எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் உறைந்து அடைக்கும், உருகினால் திறக்கும். முன்பு யாரோ சரியாக வேக்கம் எடுக்காமல், அதாவது பம்பால் குழாய்க்குள் இருப்பதை முழுக்க உறிஞ்சி எடுக்காமல், கேஸ் அடித்திருந்தால் இது நடக்கும். இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடானாலும் கம்ப்யூட்டரே கம்ப்ரசரை நிறுத்திவிடும். அப்போது ஏசியை விட்டுவிட்டு முதலில் கூலன்ட்டைப் பாருங்கள், அது அவசரமான விஷயம்.

இனி, முதல் நொடியிலிருந்தே குளிர் இல்லாத வண்டி. கம்ப்ரசர் சுற்றவே இல்லையா, அல்லது சில விநாடிகள் சுற்றி நின்று மறுபடி சுற்றி நிற்கிறதா? இரண்டாவது என்றால் கேஸ் குறைவு என்ற சந்தேகம் நியாயமானது. அழுத்தம் சுமார் 2 பாருக்குக் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) கீழே போனால் கம்ப்ரசரை நிறுத்திவிடும் ஸ்விட்சோ சென்சாரோ ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் இருக்கிறது. அதைக் கம்பி போட்டு நேராக இணைத்துக் கம்ப்ரசரை ஓட வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். கம்ப்ரசருக்கு வேண்டிய ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் இல்லாமல் ஓட்டினால் ஆயில் இல்லாமல் ஓட்டுவதாகத்தான் அர்த்தம். தேய்ந்த உலோகத் தூள் கண்டென்சர் வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்போதைய கண்டென்சர்களின் நுண்ணிய குழாய்களிலிருந்து அந்தத் தூளை முழுசாகக் கழுவி எடுக்க முடியாது. ஸ்விட்ச் காப்பாற்ற நினைத்தது கம்ப்ரசரை. கடைசியில் கம்ப்ரசர், கண்டென்சர், வால்வு, ஈரத்தை உறிஞ்சும் டிரையர் எல்லாமே போகும்.

கேஸோடு ஆயிலும் சுற்றுவதில் நமக்கு ஒரு நன்மை உண்டு. லீக் ஆகும் இடத்தில் கேஸ் பறந்துவிடும், ஆயில் தங்கிவிடும். அதில் தூசி ஒட்டும். கண்டென்சரின் ஓரங்கள், குழாய்கள் சேரும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மூட்டுகள், கேஸ் போடும் வால்வின் வாய், கம்ப்ரசரின் அடிப்பக்கம் எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். சுற்றிலும் காய்ந்த தூசி இருக்கும்போது ஒரே ஒரு மூட்டில் மட்டும் ஈரமாக, கருமையாக, பிசுபிசுப்பாகத் தெரிந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். சோப்பு நுரை பூசினால் பெரிய லீக் குமிழி விடும். சின்ன லீக்குக்குச் சாயம் கலந்து புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள், அல்லது நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று காத்திருப்பார்கள். டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் லீக் என்றால்தான் கண்ணில் படாது. வென்ட்டின் வாயில் லீக் டிடெக்டரை நீட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

"வேக்கம் நிக்குது, லீக் இல்ல" என்று சொல்வதை நான் முழுசாக நம்புவதில்லை. வேக்கம் எடுக்கும்போது வெளிக்காற்று உள்ளே தள்ளுவது ஒரே ஒரு பார் அழுத்தம்தான். ஏசி ஓடும்போது கண்டென்சர் பக்கம் 10, 15 பார் உள்ளிருந்து வெளியே தள்ளும். வேக்கத்தில் சமர்த்தாக மூடியிருக்கும் ஓ-ரிங் அந்த அழுத்தத்தில் கசியலாம். வேக்கம் எடுப்பதன் முக்கியமான நோக்கம் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் விரட்டுவது. சாதாரணக் காற்றழுத்தத்தில் முப்பதில் ஒரு பங்குக்கு இறக்கினால் தண்ணீர் சுமார் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதற்கு நேரம் வேண்டும். அஞ்சு நிமிஷம் பம்பை ஓட விட்டுவிட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

அளவு விஷயத்திலும் பிடிவாதமாக இருக்க வேண்டும். நிறுத்தி வைத்த வண்டியில் கேஜ் மாட்டி, "பிரஷர் நல்லா இருக்கு, கேஸ் ஃபுல்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும் வரை அந்த அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே சொல்லும். 30 டிகிரியில் ஆர்-134ஏ கேஜில் சுமார் 97 பிஎஸ்ஐ (14.5 பிஎஸ்ஐ ஒரு பார்) காட்டும்; குழாய்க்குள் 200 கிராம் இருந்தாலும் அதே, 500 கிராம் இருந்தாலும் அதே. சரியான அளவு பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் இருக்கும். இருப்பதை முழுக்க எடுத்துவிட்டு, வேக்கம் எடுத்து, தராசில் எடை பார்த்து அந்த அளவை ஏற்றுவதுதான் சரி. கூடுதலாகப் போட்டால் கூடுதலாகக் குளிரும் என்பது பொய். அதிகப்படியான திரவம் கண்டென்சரில் தேங்கி, கேஸ் ஆற இடமில்லாமல் போய், அழுத்தம் எகிறி, குளிர் குறையும். கேஸ் குறைந்த வண்டியும் கூடிய வண்டியும் உள்ளே உட்காருபவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

ஓடும்போது இரண்டு கேஜ்களையும் சேர்த்துப் படிப்பதுதான் உண்மையான விசாரணை: லோ பக்கம் என்பது கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் கேஸின் அழுத்தம், ஹை பக்கம் என்பது கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் கேஸின் அழுத்தம். வெளியே 30 டிகிரி வாக்கில் இருக்கும் நாளில் ஆர்-134ஏ வண்டி ஒன்று லோ பக்கம் 30 முதல் 45 பிஎஸ்ஐ, ஹை பக்கம் 150 முதல் 250 பிஎஸ்ஐ காட்டினால் ஆரோக்கியமாக இருக்கிறது. இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கண்டென்சர் அழுக்கு, ஃபேன், கூடுதல் கேஸ், உள்ளே காற்று ஆகிய நான்கில் ஒன்று. லோ பக்கம் ஏறி, ஹை பக்கம் இறங்கி, இரண்டும் நெருங்கி வந்தால் கம்ப்ரசர் சுற்றுகிறதே தவிர அழுத்தவில்லை. லோ பக்கம் வேக்கத்துக்கே போய்விட்டால் வழியில் அடைப்பு. பெரும்பாலும் எக்ஸ்பான்ஷன் வால்வு.

லீக்கை அடைக்கும் என்று கேனில் விற்கும் பசை மாதிரியான திரவங்களைப் போடவே போடாதீர்கள். ஈரத்தோடு சேர்ந்து இறுகுவதுதான் அவற்றின் வேலை. வால்வுத் துளையில் இறுகினாலும் இறுகும், நாளைக்கு வேலை பார்க்கும் மெக்கானிக்கின் மெஷினுக்குள் இறுகினாலும் இறுகும்.

கேஸைச் சும்மா காற்றில் திறந்து விடுவதும் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத காரியம். பழைய கார் ஏசி கேஸான ஆர்-12 ஓசோன் படலத்தைச் சிதைத்ததால்தான் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அதைக் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனை ஒன்றும் செய்யாது. ஆனால் நூறு வருடக் கணக்கில் ஒரு கிலோ கேஸ், கரியமில வாயு 1,430 கிலோ அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். அரைக் கிலோவைத் திறந்து விடுவது என்ன கணக்கு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதிய கார்களில் இதை நிரப்ப அனுமதியில்லை, ஆர்-1234ஒய்எஃப் வந்துவிட்டது. அது லேசாகத் தீப்பற்றக்கூடியது, பழைய கேஸோடு கலக்கக் கூடாது, வால்வின் வாயும் வேறு. எந்தக் கேஸ் என்பதும் அதே ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். எந்தக் கேஸாக இருந்தாலும் திரவமாகக் கண்ணில் பட்டால் உறைய வைத்துவிடும், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் குழாயைத் தொட வேண்டாம்.

மின்சார வண்டிகளிலும் பல ஹைப்ரிட் வண்டிகளிலும் கம்ப்ரசரையே உயர் மின்னழுத்தம்தான் ஓட்டுகிறது. ஆரஞ்சு நிறக் கேபிள் போகும் இடத்தில் கை வைக்கக் கூடாது. பெரும்பாலும் அவற்றுக்கு மின்சாரம் கடத்தாத தனி வகை ஆயில்; சாதாரண வண்டிக்குப் போடும் ஆயில் கொஞ்சம் கலந்தாலே மின் காப்பு குறைந்து வண்டி எச்சரிக்கை கொடுத்து நிற்கலாம். மெஷினிலும் ஹோஸிலும் பழைய ஆயில் ஒட்டியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு வண்டியைக் கொடுங்கள்.

வேலை முடிந்து வண்டி கைக்கு வந்ததும், நடு வென்ட்டில் ஒரு சாதாரண தெர்மாமீட்டரைச் செருகி வையுங்கள். கண்ணாடிகளை ஏற்றி, உள்காற்றே சுற்றும்படி வைத்து, பத்து நிமிடம் ஓட்டியபின் வென்ட்டில் எத்தனை டிகிரி, வெளியில் எத்தனை டிகிரி என்று தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்து, ஏறக்குறைய அதே வெயில் உள்ள நாளில் திரும்ப அளந்து பாருங்கள். வென்ட்டில் நாலைந்து டிகிரி ஏறியிருந்தால், சூடான காற்று வரும் வரை காத்திருக்காமல் ஃபேன், ஃபில்டர், கண்டென்சர் மூன்றையும் முதலில் பாருங்கள். அவை சரியாக இருந்தால் அப்புறம் டார்ச்சை எடுத்துக்கொண்டு மூட்டு மூட்டாக ஆயில் கசிவைத் தேட ஆரம்பிக்கலாம்.